மெமரி லீக் என்று மூன்று புகார், வால்கிரைண்ட் ‘ஒன்றுமில்லை’ என்கிறது

கடத்தி_காரன் | திங்கள், இரவு 10:42

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டிகளில் பொருத்தும் ஜிபிஎஸ் கருவிகள் அனுப்பும் தகவலை வாங்கி, மைய சர்வருக்குத் தள்ளிவிடும் ஒரு நிரலை எழுதிப் பராமரித்து வருகிறேன். சி மொழி, லினக்ஸ். கருவிகள் சாதாரண டிசிபியில் வந்து ஒட்டிக்கொள்ளும். கருவிக்கு ஒரு த்ரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் ஒரு வேலைவரிசை), வரும் தகவலை வைக்க 64 கேபி பஃபர் ஒன்று. மைய சர்வர் பக்கம் டிஎல்எஸ், அதாவது சான்றிதழ் பார்த்து மறையாக்கம் செய்த இணைப்பு. மையத்தில் முதன்மை ஒன்று, மாற்று ஒன்று. இரண்டுக்கும் எப்போதும் இணைப்பைத் திறந்தே வைத்திருப்பேன், ஒன்று விழுந்தால் மற்றது உடனே எடுத்துக்கொள்ளட்டும் என்று.

ஒரு மாதத்தில் மூன்று இடங்களிலிருந்து ‘மெமரி லீக்’ (வாங்கிய நினைவகத்தை நிரல் திருப்பித் தராமல் வளர்ந்துகொண்டே போவது) என்று புகார். முதல் இடத்தில், 8 ஜிபி இயந்திரத்தில் ஒரு வாரம் ஓடியதும் 200 எம்பிதான் காலியாக இருக்கிறதாம். இரண்டாவது 32 கோர் இயந்திரம். டாப் கட்டளையில் என் நிரலுக்கு நேராக 18 ஜிபி என்று நிற்கிறது. மூன்றாவது வெறும் 1 ஜிபி உள்ள சின்ன வாடகை சர்வர். அங்கே இரண்டு நாளுக்கு ஒரு முறை நினைவகம் தீர்ந்துபோய், கர்னலின் ஓஓஎம் கில்லர் என் நிரலைக் கொன்றுவிடுகிறது. அவர்கள் அலுத்துப்போய் தினமும் இரவு 2 மணிக்கு ரீஸ்டார்ட் செய்யும்படி க்ரான் போட்டுவிட்டார்கள்.

நான் இரண்டு போலிக் கருவிகளை வைத்து, லீக் தேடிக்கொடுக்கும் வால்கிரைண்டில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். ஹீப்பில் (ஓடும்போது நிரல் கேட்டு வாங்கும் நினைவகம்) வாங்கியது எல்லாம் விடுவிக்கப்பட்டது, லீக்குக்கு வாய்ப்பே இல்லை என்று சான்றிதழே கொடுத்துவிட்டது. இனி எங்கே தேடுவது?


துரு_பிரியன் | திங்கள், இரவு 10:58

2015-லேயே ரஸ்ட் மொழியின் 1.0 வந்துவிட்டது. அதில் எழுதியிருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.


சாக்கெட்_சங்கடம் | திங்கள், இரவு 11:10

துரு, ஆரம்பிச்சாச்சா? அந்த 1.0 வருவதற்குச் சில வாரம் முன்னால்தான், லீக் ஆவதை ரஸ்ட் ‘பாதுகாப்பற்றது’ என்று கருதாது என்பதையே முடிவு செய்தார்கள். விடுவிக்காமலே மறக்கவைக்கும் மெம் ஃபர்கெட்கூடப் பாதுகாப்பான ஃபங்ஷன்தான். குறிப்பு எண்ணிக்கை வைக்கும் இரண்டு ஆர்சி பாயின்டர் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் அங்கேயும் லீக்தான். விடுவித்த இடத்தைத் திரும்பத் தொடுவதைத்தான் அது தடுக்கும், விடுவிக்க மறந்ததை அல்ல. இவர் பிரச்சினைக்கு வருவோம்.


பழங்கணினி | திங்கள், இரவு 11:37

கடத்தி, மூன்று புகாரையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். வாசிக்கும்போதே மூன்றும் மூன்று கதையாகத் தெரிகிறது.

ஒரு வாரத்துக்கு ‘லீக்’ என்ற சொல்லை ஒதுக்கிவையுங்கள். ‘வளர்கிறது’ என்று மட்டும் சொல்லுங்கள். புகார் கொடுத்த மூவரிடமும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நான்கு எண்ணைக் குறித்துத் தரச் சொல்லுங்கள்: ஆர்எஸ்எஸ் (ராமில் நிரல் உண்மையில் பிடித்திருக்கும் அளவு), த்ரெட் எண்ணிக்கை, திறந்திருக்கும் கோப்புகளின் எண்ணிக்கை, அந்த நேரத்தில் ஒட்டியிருக்கும் கருவிகள். முதல் இரண்டும் ப்ராக் கோப்பகத்தில் அந்த நிரலுக்கான ஸ்டேட்டஸ் கோப்பிலேயே கிடைக்கும். ஐந்து வரி ஷெல் ஸ்கிரிப்ட் போதும்.

கோடு எப்படிப் போகிறது என்பதுதான் முதல் தடயம். ஏறி ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் அது ஒரு வியாதி. நேர்கோடாக ஏறிக்கொண்டே இருந்தால் வேறு வியாதி. படிப்படியாக, திடீர் திடீரென்று ஏறினால் இன்னொன்று. இது இல்லாமல் வால்கிரைண்டை ஓட்டுவது, நோயாளியை வீட்டிலேயே விட்டுவிட்டு அவர் தம்பிக்கு ரத்தப் பரிசோதனை செய்வது மாதிரி. உங்கள் மேசையில் இரண்டு கருவிகளோடு அரை மணி நேரம் ஓடியது அந்தத் தம்பிதான்.


கடத்தி_காரன் | திங்கள், இரவு 11:51

சரி சார், ஸ்கிரிப்ட் அனுப்பிவிட்டேன். முதல் புகார்க்காரர் இப்போதே நினைவக நிலவரம் காட்டும் ஃப்ரீ கட்டளையின் வெளியீட்டைப் படம் பிடித்து அனுப்பினார். மொத்தம் 7.8 ஜிபி, காலி 210 எம்பி, பஃபர் கேஷ் 6.4 ஜிபி, அவைலபிள் 6.2 ஜிபி.


இரண்டாம்_ஷிஃப்ட் | செவ்வாய், அதிகாலை 12:20

இதில் தேட ஒன்றுமில்லை. உங்கள் நிரல் லாக் எழுதுகிறது, வேறு யாரோ கோப்பு படிக்கிறார்கள், கர்னல் அதையெல்லாம் பேஜ் கேஷில், அதாவது சும்மா கிடக்கும் ராமில், நகலாக வைத்திருக்கிறது. யாராவது கேட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிடும். பார்க்க வேண்டியது ‘காலி’ நெடுவரிசையை அல்ல, ‘அவைலபிள்’ நெடுவரிசையை. 6.2 ஜிபி தாராளமாக இருக்கிறது.

எங்கள் ஷிஃப்டில் வாரம் ஒருவராவது இதே படத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்.


கடத்தி_காரன் | செவ்வாய், காலை 9:05

அவரிடம் சொன்னேன். ‘அப்படியா, சரி’ என்று முடித்துக்கொண்டார். ஒன்று தீர்ந்தது.

32 கோர் இயந்திரத்தின் எண்கள் வந்துவிட்டன. 18 ஜிபி என்றது விர்ட் நெடுவரிசையாம், நிரல் பிடித்து வைத்த மொத்த முகவரி அளவு. ஆர்எஸ்எஸ் 1.1 ஜிபி. கருவிகள் ஏறத்தாழ 250, த்ரெட்டும் அதே அளவு. என் கணக்குப்படி 100 எம்பிக்குள் இருக்க வேண்டியது. அதனால் 18 இல்லை என்றாலும் 1.1 ஜிபியும் அதிகம்தான்.


பழங்கணினி | செவ்வாய், காலை 9:48

நிரலின் முகவரித் துண்டுகளைப் பட்டியலிடும் பிமேப்பை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 65536 கேபி வரும்படி ஜோடி ஜோடியாகத் துண்டுகள் வரிசையாக நிற்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.


கடத்தி_காரன் | செவ்வாய், காலை 11:15

எப்படிச் சொன்னீர்கள்? கிட்டத்தட்ட 250 ஜோடி இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பகுதி படிக்கவும் எழுதவும் திறந்திருக்கிறது, மற்ற பகுதிக்கு எந்த அனுமதியும் இல்லை. இரண்டையும் கூட்டினால் ஒவ்வொரு ஜோடியும் 65536.


பழங்கணினி | செவ்வாய், மதியம் 12:30

இது ஜிலிப்சியின் (லினக்ஸில் சி நிரல்களுக்கான அடிப்படை நூலகம்) அரீனா. ஒரே ஹீப்பில் எல்லா த்ரெட்டும் மால்லாக் வழியாக நினைவகம் கேட்டால் பூட்டுக்குச் சண்டை வரும் என்று, த்ரெட்டுகளுக்குத் தனித்தனி ஹீப்பைப் பிரித்துக் கொடுக்கிறது. 64 பிட் இயந்திரத்தில் உச்சவரம்பு, கோர் எண்ணிக்கையைப் போல 8 மடங்கு. 32 கோர் என்றால் 256 அரீனா. ஒவ்வொரு அரீனாவும் முதலில் 64 எம்பி முகவரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 256-ஐ 64-ஆல் பெருக்கினால் 16 ஜிபி. உங்கள் 250 த்ரெட்டுக்கு ஆளுக்கு 8 எம்பி ஸ்டாக், அது 2 ஜிபி. கூட்டினால் அந்த 18 ஜிபி கையில் வந்துவிட்டது. அத்தனையும் வெறும் முகவரி, பட்டா போட்டு வேலி கட்டிய பொட்டல் நிலம். ராமில் ஒரு பக்கம்கூட அதனால் செலவாகாது.

ஆனால் ஆர்எஸ்எஸ் 1.1 ஜிபி உண்மையான செலவு. அந்தக் கோடு எப்படிப் போகிறது?


கடத்தி_காரன் | செவ்வாய், மதியம் 12:41

நேற்று இரவிலிருந்துதான் ஸ்கிரிப்ட் ஓடுகிறது. ஆனால் அவர்களிடம் பழைய கண்காணிப்புப் படம் இருந்தது. ரீஸ்டார்ட் செய்த முதல் இரண்டு நாள் ஏறுகிறது, அப்புறம் மூன்று வாரமாக 1.1-லேயே படுத்திருக்கிறது.


பழங்கணினி | செவ்வாய், மதியம் 12:55

அப்படியானால் லீக் இல்லை. லீக்குக்கு எங்கே நிற்பது என்று தெரியாது.


புதுசு_2 | செவ்வாய், மாலை 6:20

அண்ணா, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஃப்ரீ செய்தால் அந்த இடம் இயங்குதளத்துக்குப் போய்விட வேண்டாமா? விடுவித்த பிறகும் ஏன் ஆர்எஸ்எஸ் இறங்காமல் நிற்கிறது?


பழங்கணினி | செவ்வாய், இரவு 8:15

நல்ல கேள்வி, தம்பி. மன்னிப்பெல்லாம் எதற்கு?

கல்யாண வீட்டில் தரையில் பந்திப்பாய் விரித்துச் சாப்பாடு போடுவதை நினைத்துக்கொள். பாயை ஓரத்திலிருந்துதான் சுருட்ட முடியும். ஐம்பது பேரில் நாற்பத்தொன்பது பேர் கை கழுவிவிட்டார்கள். ஓரத்து இலையில் ஒரு பெரியவர் மோருக்குக் காத்திருக்கிறார். பாயைச் சுருட்ட முடியாது. காலியான இடத்தில் அடுத்த பந்தி ஆட்களை உட்கார வைக்கலாம், ஆனால் பாய் வாடகைக் கடைக்குத் திரும்பிப் போகாது.

மால்லாக்கும் அப்படித்தான். ஃப்ரீ செய்தால் அந்த இடம் முதலில் அரீனாவின் காலிப் பட்டியலுக்குப் போகும். ஹீப்பின் நுனி காலியாக இருந்தால்தான் கர்னலுக்குத் திருப்பிக் கொடுக்கும். நுனியில் ஒரு சின்னத் துண்டு உயிரோடு இருந்தால் அதற்குக் கீழே உள்ளது அத்தனையும் நிரலின் கணக்கிலேயே நிற்கும். பெரிய துண்டு என்றால் கதை வேறு, எம்மேப் வழியாகக் கர்னலிடம் நேராகத் தனியாக வாங்கும், ஃப்ரீ செய்த உடனே திரும்பிவிடும். அதற்கான தொடக்க வரம்பு 128 கேபி. கடத்தியின் பஃபர் 64 கேபி, அதனால் அது பந்தியில்தான் உட்காரும். இந்த 128-ம் நிலையானது இல்லை. எம்மேப்பில் வாங்கிய பெரிய துண்டு ஒன்றை விடுவித்தால், ஜிலிப்சி அந்த அளவுக்கு வரம்பையே உயர்த்திக்கொள்ளும், 64 பிட்டில் 32 எம்பி வரைக்கும். நேற்றுவரை திரும்பி வந்த இடம் இன்று வராததற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

இப்போது 250 அரீனா என்றால் 250 பாய். ஒவ்வொன்றிலும் ஒரு பெரியவர்.

கடத்தி, உங்களுக்கு: மால்லாக்_அரீனா_மேக்ஸ் என்ற சூழல் மாறியை 2 என்று வைத்து ஓட்டச் சொல்லுங்கள். பூட்டுச் சண்டை கூடும், ஆனால் 250 கருவிக்கு அது தெரியவே தெரியாது. அதற்கு முன்னால் ஒரு முறை மால்லாக்_ஸ்டாட்ஸ் கூப்பிட்டு வெளியீட்டைப் பாருங்கள். கர்னலிடம் வாங்கியது எவ்வளவு, உண்மையில் புழக்கத்தில் இருப்பது எவ்வளவு என்று இரண்டு எண் வரும். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் அது சிதறல். இரண்டுமே சேர்ந்து ஏறினால் அப்போது வாருங்கள், லீக் என்ற சொல்லைத் திருப்பித் தருகிறேன்.


ஜாவாக்காரி | செவ்வாய், இரவு 9:02

எங்கள் ஜாவா ஊரில் இதெல்லாம் கிடையாது, ஹீப் டம்ப் (ஹீப்பின் முழு நகல்) எடுத்து எக்லிப்ஸ் மேட் என்ற ஆய்வு நிரலில் திறந்தால் யார் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வம்சாவளியே தெரிந்துவிடும். பொறாமைப்படுங்கள்.

(ஆனால் பத்தில் எட்டு முறை யாரோ, நிரல் முடியும்வரை உயிரோடிருக்கும் ஒரு ஸ்டாட்டிக் மேப்பில் போட்டுவிட்டு எடுக்க மறந்ததுதான்.)


கடத்தி_காரன் | புதன், இரவு 7:30

வாங்கியது 1 ஜிபிக்குச் சற்று மேல், புழக்கத்தில் 70 எம்பி. அரீனாவை 2 ஆக்கி ஒரு நாள் ஓடியாகிவிட்டது. ஆர்எஸ்எஸ் 130 எம்பியைத் தாண்டவில்லை. பழங்கணினி சாருக்கு ஒரு இலை பாயசம்.

இப்போது மூன்றாவது, அந்த 1 ஜிபி சர்வர். இது எனக்கு நடுக்கம் கொடுக்கிறது. இரவு 2 மணிக்கு ரீஸ்டார்ட் ஆகும்போது 45 எம்பி. அடுத்த நாள் இரவு 2 மணிக்கு முன்னால் 455 எம்பி. படம் வரைந்தேன், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி இருக்கிறது. மணிக்கு 17 எம்பி. 4 கோர்தான், அரீனா 2 ஆக்கியும் மாற்றமில்லை. மால்லாக்_ஸ்டாட்ஸில் இரண்டு எண்ணும் சேர்ந்தே ஏறுகின்றன. கருவிகள் 310, த்ரெட் ஏறக்குறைய 350.


சாக்கெட்_சங்கடம் | புதன், இரவு 7:52

இரவு நேரத்திலும் அதே சரிவுதானா? அந்த 310 வண்டியும் ராத்திரியும் ஓடுமா?


கடத்தி_காரன் | புதன், இரவு 8:10

ஓடாது. பள்ளிப் பேருந்துகள். மாலை 6 மணிக்கு மேல் கருவிகள் உறங்கிவிடும், காலை 6-க்குத்தான் விழிக்கும். நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன், நள்ளிரவிலும் மணிக்கு 17 எம்பிதான்.


சாக்கெட்_சங்கடம் | புதன், இரவு 8:18

அப்போது கருவிகளை மறந்துவிடுங்கள். வண்டி ஓடாதபோதும் ஒரே வேகத்தில் எது நடக்கிறது? டைமர் வைத்து ஓடும் வேலை ஏதாவது? மைய சர்வர் பக்கம் பாருங்கள். லாக் என்ன சொல்கிறது?


கடத்தி_காரன் | புதன், இரவு 9:40

வெட்கமாக இருக்கிறது. லாகை வாங்கிப் பார்த்தேன். ‘மாற்று சர்வர்: சான்றிதழில் பெயர் பொருந்தவில்லை, 1 விநாடியில் மீண்டும் முயல்கிறேன்’ என்ற எச்சரிக்கை, ஒரே நாளில் 84,000 முறை. மாற்று சர்வரின் பெயரை எப்போதோ மாற்றியிருக்கிறார்கள், கட்டமைப்புக் கோப்பில் பழைய பெயரே இருக்கிறது. முதன்மை நன்றாக ஓடுவதால் யாருக்கும் தெரியவில்லை.


பழங்கணினி | புதன், இரவு 9:55

ஒரு நாள் வளர்ச்சி 410 எம்பி. அதை 84,000-ஆல் வகுங்கள்.


கடத்தி_காரன் | புதன், இரவு 9:58

ஏறக்குறைய 5 கேபி.


பழங்கணினி | புதன், இரவு 10:20

இணைப்பு ஒவ்வொன்றும் தோற்கும்போது 5 கேபி. 64 கேபி பஃபர் இல்லை, எஸ்எஸ்எல் இணைப்பு முழுதும் இல்லை, அதுவென்றால் இன்னும் பெரிதாக இருக்கும். 5 கேபி என்றால் பிரித்து வைத்த ஒரு சான்றிதழின் எடை. பெயரைச் சரிபார்க்கும் ஃபங்ஷனை இங்கே ஒட்டுங்கள்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். மேசையில் தப்பான பெயருள்ள சான்றிதழோடு ஒரு போலி மாற்று சர்வரை எழுப்பி, வால்கிரைண்டில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். நிரல் இருபது முப்பது மடங்கு மெதுவாகும், பரவாயில்லை. எத்தனை முறை தோற்றது என்று லாகில் எண்ணிக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கை முக்கியம்.


கடத்தி_காரன் | புதன், இரவு 11:25

லாகில் 512 தோல்வி. வால்கிரைண்டில் ‘நிச்சயமாகத் தொலைந்தது’ என்று 512 துண்டுகள், அவற்றோடு தொங்கும் ‘மறைமுகமாகத் தொலைந்தது’ என்று ஒரு பெரிய கூட்டம். எண் பொருந்தியதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

ஆனால் அது காட்டும் தடத்தில் என் ஃபங்ஷன் ஏறக்குறைய இல்லவே இல்லை. எல்லாம் டிஎல்எஸ் நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் உள்ளே, ஹேண்ட்ஷேக்கின்போது சர்வர் சான்றிதழைப் பிரிக்கும் இடத்தில் வாங்கியதாகக் காட்டுகிறது. அப்படியென்றால் பிழை அவர்களுடையதா? அங்கே புகார் கொடுக்கட்டுமா?


பழங்கணினி | புதன், இரவு 11:40

ஐயோ, வேண்டாம்!

வால்கிரைண்ட் காட்டுவது வாங்கிய இடத்தை. விடுவிக்கத் தவறிய இடத்தை அதனால் காட்டவே முடியாது, ஏனென்றால் அங்கே எதுவும் நடக்கவில்லை. நடக்காத ஒன்றுக்குத் தடம் ஏது? லீக் தேடும் மற்ற நிரல்களான லீசானும் அப்படித்தான், ஹீப்ட்ராக்கும் அப்படித்தான்.

உங்கள் ஃபங்ஷனில் எஸ்எஸ்எல்_கெட்_பியர்_சர்டிஃபிகேட் இருக்கிறதா? இருந்தால் அதற்குப் பின் எக்ஸ்509_ஃப்ரீ எல்லா வழியிலும் இருக்கிறதா?


கடத்தி_காரன் | புதன், இரவு 11:44

இருக்கிறது. பெயரை எடுத்து, ஒப்பிட்டு, கடைசியில் எக்ஸ்509_ஃப்ரீ.

அட.

பெயர் பொருந்தவில்லை என்றால் நடுவிலேயே மைனஸ் 1 கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுகிறேன். ஃப்ரீ அதற்குக் கீழே இருக்கிறது.


பழங்கணினி | வியாழன், அதிகாலை 12:15

அதேதான். அந்த கெட் ஃபங்ஷன் சான்றிதழைக் கையில் கொடுக்கும்போது அதன் குறிப்பு எண்ணிக்கையை ஒன்று கூட்டிக் கொடுக்கும். எஸ்எஸ்எல்_ஃப்ரீ தன் பங்கை ஒன்று குறைக்கும். உங்கள் பங்கு அப்படியே நிற்கும். எண்ணிக்கை பூஜ்ஜியம் ஆகாததால் சான்றிதழ் போகாது. பெயரைப் பார்த்தால் எண்ணிக்கையைக் கூட்டுகிறதா இல்லையா என்று தெரியாது, பலர் விழுந்த குழி இது. அதனால்தான் ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0-வில் பெயரையே பிரித்தார்கள்: கெட்1 என்றால் கூட்டிக் கொடுக்கும், நீங்கள் விடுவிக்க வேண்டும், கெட்0 என்றால் கடன் வாங்கிப் பார்ப்பது, தொடக்கூடாது. உங்களிடம் 3.0 இருந்தால் கெட்0-க்கு மாறிவிடுங்கள், சரிபார்ப்புக்கு அது போதும்.

உங்கள் முதல் வால்கிரைண்ட் சோதனை ஏன் சுத்தமாக வந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா? அங்கே எல்லாம் வெற்றி. வெற்றி வழியில் ஃப்ரீ இருக்கிறது.

உலகத்தில் இப்படி விழுந்தது நீங்கள் மட்டும் இல்லை. 2012 அக்டோபர் 22, அமேசான் வலைச் சேவையின் வடக்கு வர்ஜீனியா மையத்தில் சேமிப்பு சர்வர்கள் திணறி, பல பெரிய தளங்கள் விழுந்தன. அவர்களே வெளியிட்ட விளக்கத்தைத் தேடிப் படியுங்கள், உங்கள் கதையின் அண்ணன் மாதிரி இருக்கும். புள்ளிவிவரம் வாங்கும் சர்வர் ஒன்று பழுதாகி, வேறொன்றை வைத்தார்கள். டிஎன்எஸ்ஸில் முகவரியை மாற்றினார்கள், ஆனால் மாற்றம் உள்ளே இருந்த எல்லா டிஎன்எஸ் சர்வருக்கும் போய்ச் சேரவில்லை. சேமிப்பு சர்வர்களில் ஒரு பகுதி, இல்லாத பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருந்தன. புள்ளிவிவரம் அனுப்பும் அந்தச் சின்ன நிரலில், இணைப்பு கிடைக்காமல் தட்டிக்கொண்டே இருந்தால் மெதுவாக நினைவகத்தைத் தின்னும் லீக் ஒன்று ஒளிந்திருந்தது. புள்ளிவிவரம் போகாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை. நினைவகத்துக்கு எச்சரிக்கை மணி இருந்தும் அடிக்கவில்லை; அந்த சர்வர்கள் எப்போதுமே இருக்கும் நினைவகத்தை எல்லாம் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவை, எந்த அளவில் மணி அடிப்பது என்று வைப்பதே கடினம்.

உங்களுக்கு மாற்று சர்வர், அவர்களுக்குப் புள்ளிவிவர சர்வர். இரண்டும் யாரும் எட்டிப் பார்க்காத கொல்லைப்புறம்.


துரு_பிரியன் | வியாழன், காலை 8:30

வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் *இது* ரஸ்டில் நடந்திருக்காது. நடுவில் வெளியேறினாலும், விடுவிக்கும் ட்ராப் தானாக ஓடியிருக்கும்.


சாக்கெட்_சங்கடம் | வியாழன், காலை 8:41

ஒப்புக்கொள்கிறேன். சியிலும் வெளியேறும் வழி எல்லாவற்றையும் கீழே ஒரே லேபிளுக்கு கோட்டூ வைத்துக் கொண்டுவந்து, அங்கே மட்டும் விடுவித்தால் இந்தப் பிழை வராது. கோட்டூ பாவம் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள். லினக்ஸ் கர்னல் முழுக்க அதுதான்.


கடத்தி_காரன் | வியாழன், இரவு 9:15

திருத்தி அனுப்பிவிட்டேன். தோற்றால் 1 விநாடி, 2, 4 என்று கூட்டிக்கொண்டே போய் 5 நிமிடத்தில் நிற்கும்படியும் செய்தேன். மூன்றாவது இடத்தில் 20 மணி நேரமாக 46 எம்பி, அசையவில்லை. க்ரானை எடுக்கச் சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி. இழையைத் தீர்ந்ததாகக் குறிக்கிறேன்.


கடத்தி_காரன் | பதினாறு நாள் கழித்து, சனி, மாலை 4:05

‘தீர்ந்தது’ குறியை எடுத்துவிட்டேன். அதே 1 ஜிபி சர்வர். ஆர்எஸ்எஸ் 250 எம்பி. முன்பு மாதிரி நேர்கோடு இல்லை. பகலில் ஏறுகிறது, இரவில் அசையவில்லை, ஞாயிறு அசையவே இல்லை.


இரண்டாம்_ஷிஃப்ட் | சனி, மாலை 4:30

எஸ்எஸ் கட்டளையில் எஸ்டாப்ளிஷ்டு (திறந்திருக்கும்) இணைப்பு எத்தனை? த்ரெட் எத்தனை?


கடத்தி_காரன் | சனி, மாலை 4:38

இணைப்பு 2,900-க்கு மேல். த்ரெட்டும் அப்படியே. பேருந்து 310-தான்!


இரண்டாம்_ஷிஃப்ட் | சனி, மாலை 5:02

முன்பு த்ரெட் ‘ஏறக்குறைய 350’ என்றீர்கள். 310 கருவிக்கு 350 எதற்கு என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், நானும் விட்டுவிட்டேன். அப்போது தினமும் க்ரான் துடைத்துக்கொண்டிருந்தது. ரீஸ்டார்ட் ஒரு லீக்கை மட்டும் மறைக்காது, வரிசையில் நிற்கும் எல்லாவற்றையும் மறைக்கும்.

பேருந்து பாலத்துக்கு அடியில் போகிறது, சிக்னல் போகிறது, கருவி புதிதாக இணைப்பு போடுகிறது. பழைய இணைப்பை முடித்துவிட்டேன் என்று சொல்லும் பாக்கெட் உங்களுக்கு வரவே இல்லை. நீங்களோ அந்தப் பக்கம் எதையும் எழுதுவதில்லை, படிக்கக் காத்திருப்பதோடு சரி. எழுதினால்தான் பதில் வராமல் போய், ஆள் இல்லை என்று டிசிபிக்குத் தெரியும். படிக்க மட்டும் காத்திருந்தால் உலகம் அழியும் வரை காத்திருக்கலாம்.

கீப்அலைவ் (எதிரே ஆள் இருக்கிறாரா என்று டிசிபி தட்டிப் பார்ப்பது) போட்டீர்களா?


கடத்தி_காரன் | சனி, மாலை 5:10

இல்லை. லினக்ஸ் தானாகவே செய்யும் என்று நினைத்தேன்.


சாக்கெட்_சங்கடம் | சனி, மாலை 5:35

சாக்கெட்டில் நீங்கள் கேட்டால்தான் செய்யும். கேட்டாலும் தொடக்க அமைப்பு 7,200 விநாடி சும்மா இருந்த பிறகு முதல் தட்டல், அப்புறம் 75 விநாடி இடைவெளியில் 9 முறை. ஆள் இல்லை என்று முடிவு செய்ய இரண்டு மணி நேரம் பதினொரு நிமிடம் ஆகும். சாக்கெட்டுக்குத் தனியாக 120 விநாடி, 30 விநாடி, 3 முறை என்று வையுங்கள்.

ஆனால் அதைவிட நல்லது உங்கள் நிரலிலேயே ஒரு கணக்கு. கருவி எத்தனை விநாடிக்கு ஒரு முறை பேசும்?


கடத்தி_காரன் | சனி, மாலை 5:40

ஓடும்போது 30 விநாடி, உறங்கும்போது இணைப்பையே முடித்துவிடும்.


சாக்கெட்_சங்கடம் | சனி, மாலை 5:44

அப்படியென்றால் 5 நிமிடம் சத்தமில்லை என்றால் மூடிவிடுங்கள். இன்னொன்று, ஒரே கருவி எண் புதிதாக உள்ளே வந்தால் பழைய இணைப்பை அந்த இடத்திலேயே வெட்டுங்கள்.


புதுசு_2 | சனி, இரவு 7:15

இந்த இரண்டாவதை வால்கிரைண்ட் பிடித்திருக்குமா?


பழங்கணினி | சனி, இரவு 8:50

பிடிக்காது, தம்பி. கடத்தியின் நிரல் முடியும்போது பட்டியலில் உள்ள இணைப்பு எல்லாவற்றையும் ஒழுங்காக மூடி விடுவித்துவிடுகிறது. 2,600 பேய் இணைப்பு இருந்தாலும் கடைசி நிமிடத்தில் வீடு பெருக்கித் துடைத்துவிடும், வால்கிரைண்ட் வந்து பார்க்கும்போது பளபளவென்று இருக்கும். நடுவிலே நிறுத்திக் கேட்டாலும் ‘இன்னும் எட்டக்கூடியது’ என்றுதான் சொல்லும். பாயின்டர் இருக்கிறது, வைத்திருக்கக் காரணம் மட்டும் இல்லை. அது ஜாவாக்காரி சொன்ன ஸ்டாட்டிக் மேப்தான், வேறு சட்டையில்.

பஃபர் 64, ஸ்டாக்கில் தொட்டது கொஞ்சம், ஆளுக்கு 80 கேபி வைத்துக்கொள். 2,600-க்கு 200 எம்பிக்குச் சற்று மேல். 45-ஓடு கூட்டினால் 250 வந்துவிட்டது. கணக்கு மிச்சமில்லை, மூன்றாவது ஓட்டை இருக்க வாய்ப்பு குறைவு.

ஃபயர்ஃபாக்ஸ் காலத்து ஆள் நான். பதிப்பு 2 ஓடிய நாளில் ‘ஃபயர்ஃபாக்ஸ் லீக் ஆகிறது’ என்று ஊரே சொன்னது. 2008-இல் பதிப்பு 3-இல் ஜெமால்லாக் என்ற வேறு மால்லாக்கைக் கொண்டுவந்து சிதறலைக் குறைத்தார்கள், புகார் குறைந்தது, நிற்கவில்லை. 2011-இல் மொசில்லா நிரலாளர் நிக்கோலஸ் நெதர்கோட் மெம்ஷ்ரிங்க் என்ற நினைவகக் குறைப்புத் திட்டத்தை ஆரம்பித்து வாராவாரம் புகார்களைத் தரம் பிரித்து உட்கார்ந்தபோது, எத்தனையோ வேறு வேறு வியாதிகள் அந்த ஒரே பெயரில் இருந்தன. பழைய பக்கங்களை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த நீட்சிகளின் லீக்கை 2012-இல் பதிப்பு 15-இல்தான் மொத்தமாக அடைத்தார்கள். அதுவரை யார் புகார் கொடுத்தாலும் அபவுட் மெமரி பக்கத்தைத் திறந்து அதில் உள்ளதை ஒட்டச் சொல்வார்கள்.

கடத்தி, உங்கள் நிரலுக்கும் அப்படி ஒரு பக்கம் வேண்டும். ஒரு சிக்னல் அனுப்பினால் உயிரோடு உள்ள இணைப்பு, பஃபர், கடைசியாகப் பேசி எவ்வளவு நேரம், மைய சர்வர் தோல்வி எண்ணிக்கை, எல்லாம் ஒரு தாளில் வரட்டும். சிக்னல் ஹேண்ட்லருக்குள்ளேயே பிரிண்ட்எஃப் போடாதீர்கள், ஒரு கொடியை மட்டும் ஏற்றிவிட்டு மெயின் லூப்பில் அச்சிடுங்கள்.


கடத்தி_காரன் | மூன்று வாரம் கழித்து, திங்கள், காலை 10:20

ரீஸ்டார்ட் இல்லாமல் 20 நாள். 48 எம்பி. த்ரெட் பகலில் 314-ஐத் தாண்டவில்லை. அந்த நிலவரத் தாளும் சேர்த்துவிட்டேன், சார் சொன்னபடி கொடி மட்டும் ஏற்றி.

அந்தத் தாளை முதல் முறை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். மாற்று சர்வர் பெயரை அவர்கள் இன்னும் திருத்தவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தோல்வி, இன்று காலை வரை 5,760.